மூன்றுக்கு இரண்டு

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாவது பாதை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
என் வேலை அச்சு எண்ணுவது.
கேமரா எண்ணும். அது தவறினால் நான்.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு வேகத்தடை.
அதன் மேல் ஏறி இறங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
டும். டும். என்றால் இரண்டச்சு, ஓசூர் காய்கறி.
டும். டும்டும். என்றால் மூன்று.
டும். டும். டும்டும்டும். என்றால் டிரெய்லர்,
கிரானைட் பாளம், சங்கிலி போட்டுக் கட்டியது.

மொத்தம் எத்தனை என்பதற்குத்தான் கட்டணம்.
எது எதோடு ஒட்டி நிற்கிறது என்று
ரசீதில் கட்டமே இல்லை.
அதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்,
ஆறரை மணிக்கு, ராயக்கோட்டை சாலைக்கு.

ஃபயாஸ் பாயின் டயர் ரீட்ரெடிங் கடை மாடியில்
பியானோ ஒன்று இருக்கிறது.
பெங்களூர் ரோட்டு ஓட்டல் ஒன்று இழுத்து மூடியபோது
மூன்று வருட டயர் பாக்கிக்கு ஈடாக வந்தது.
விற்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.
"வாசிச்சுட்டுப் போம்மா, எலி ஏறாம இருக்கும்" என்றார்.

ஆறு கட்டைகள். ஸ ரி க ம ப த.
இரண்டிரண்டாக: ஸரி கம பத.
மும்மூன்றாக: ஸரிக மபத.
ஒரு சுரமும் கூடவில்லை, குறையவில்லை,
பலகையைப் பல கை என்று படிப்பது போல
எங்கே சாய்கிறேன் என்பதில்தான் எல்லாம்.

இதில் ஒரு சிக்கல்.
அந்தப் பியானோவில் ம பேசாது.
கம்பி அறுந்ததோ, சுத்தி உடைந்ததோ,
அமுக்கினால் மரம் மரத்தைத் தொடும், அவ்வளவுதான்.
இரண்டிரண்டாக வாசித்தால் அது கூட்டத்தில் நழுவிவிடும்.
மும்மூன்றாகப் போனால்
இரண்டாம் கொத்தின் தலையே அதுதான்.
எல்லா பலமும் வந்து விழுகிற இடத்தில்
ஒன்றுமே இல்லை.
ஆனாலும் தோள் அங்கே குனிகிறது.
கேட்காத அடி காதுக்குத் தெரிகிறது.

அடுத்த பயிற்சி: வலக்கையில் மூன்று,
அதே நேரத்துக்குள் இடக்கையில் இரண்டு.
பதினோரு நாள்.
சந்தைக் கூட்டத்தில் பிள்ளையை இழுப்பது போல
வலக்கை இடக்கையை இழுத்துக்கொண்டே போனது.
ஆறு வரை எண்ணிப் பார்த்தேன். எண்ணும்போது கை நின்றது.
கை போனபோது எண் நின்றது.

பன்னிரண்டாம் இரவு, ஜூன் மாதம்,
ஃபாஸ்டேக் வேலை செய்யாத லாரி வரிசை.
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வாசனை முன்னால் வந்தது.
"மாம்பழமா?"
"கிளிமூக்கு. கூழ் ஃபேக்டரிக்கு."
அடுத்தவர் பர்கூர்க்காரர். "மாம்பழமா?"
"பின்ன, பலாப்பழமா?"
மூன்றாவது லாரிக்குக் கேட்கும்போது
என் விரல்கள் மேஜையில் கேட்டுக்கொண்டிருந்தன.
மாம், இரண்டு கையும்.
ப, வலது. ழ, இடது.
மா, வலது.
நெடிது, குறிது, குறிது, நெடிது.
மூன்றுக்கு இரண்டு இதற்குள்ளேயே இருந்திருக்கிறது,
கிலோ இவ்வளவு என்று விலை சொல்லி
பிறந்ததிலிருந்து நாங்கள் விற்ற சொல்லில்.

பத்தாம் வகுப்பு யாப்பு ஞாபகம் வந்தது.
நேர் நிரை நேர்.
மாம்பழமா என்று கேட்டால்
இலக்கணம் கூவிளங்காய் என்கிறது.
பழத்தைக் காயாக்கிய கணக்கை நினைத்து
சிரித்துக்கொண்டே நான் கொடுத்த மீதியில் பத்து ரூபாய் அதிகம்.
டிரைவர் திருப்பித் தரவில்லை.

காலையில் வாசித்தேன். கேட்டுக்கொண்டே வாசித்தேன்.
மாம்பழமா மாம்பழமா மாம்பழமா.
கீழே கம்ப்ரஸர் நின்றது.
"மேல யாரும்மா, ரெண்டு பேரா?"
பதில் சொன்னால் விட்டுப்போகும் என்று
சொல்லவில்லை.

இன்றைக்கு நான்குக்கு மூன்று தொடங்கியிருக்கிறேன்.
அதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை.
செந்தூரா, மல்கோவா, நீலம்,
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், பொருந்தவில்லை.
சீசன் முடிய மூன்று வாரம் இருக்கிறது.
அதற்குள் ஏதாவது வண்டி வரும்.